மூளைக்கட்டியும் வலிப்பும்: மரபணுக்கள் தரும் சாட்சியம்

1884ஆம் ஆண்டு நவம்பர் 25. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் பகுதியில் வலிப்பு, பக்கவாத நோயாளிகளுக்கென இருந்த மருத்துவமனையில், ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் 25 வயது விவசாயி ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தார். அந்த இளைஞருக்குச் சில ஆண்டுகளாகவே வலிப்பு வந்துகொண்டிருந்தது. முதலில் முகத்தின் இடப்பக்கம் துடிக்கும்; பிறகு இடக்கை துடிக்கும்; நாளடைவில் அந்தக் கை செயலிழக்கத் தொடங்கியது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. மூளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லாத காலம். வலிப்பு உடலில் எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் வைத்து, அலெக்சாண்டர் ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர் கட்டி வலப்பக்க மூளையின் இயக்கப் பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று கணித்திருந்தார். காட்லீ அங்கேயே திறந்தார். கட்டியும் அங்கேயே இருந்தது. அறுவை வெற்றி, ஆனால் தொற்று ஏற்பட்டு நான்கு வாரங்களில் அந்த இளைஞர் இறந்துபோனார்.

நரம்பியல் வரலாற்றில் பெருமையோடு நினைக்கப்படும் நாள் அது. வலிப்பு உடலில் தொடங்கும் இடம் மூளையில் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டும் என்று நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பல ஆண்டுகள் நோயாளிகளின் அருகிலிருந்து கவனித்துச் சொன்ன கருத்து அன்று கத்தியின் முனையில் மெய்யானது. அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள், மூளைக்கட்டியில் வரும் வலிப்பு மருத்துவர்களுக்கு ஒரு விலாசமாகவே பயன்பட்டது. கட்டி எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். கட்டி ஏன் வலிப்பை உண்டாக்குகிறது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது: கட்டி வளர்கிறது, பக்கத்து மூளையை அழுத்துகிறது, உறுத்துகிறது, அதனால் வலிப்பு.

அந்தப் பதில் போதாது என்பதற்கு நோயாளிகளே சாட்சி. மிகக் கொடிய, மிக வேகமாக வளரும் கிளியோபிளாஸ்டோமா கட்டியில் வலிப்பு வருவது 30 முதல் 60 சதவீதம் பேருக்குத்தான். ஆண்டுக்கணக்கில் அளவே மாறாமல் கிடக்கும் டிஎன்டி என்ற சிறு கட்டியில் ஏறக்குறைய எல்லோருக்கும் வலிப்பு வருகிறது. கேங்லியோகிளியோமா என்ற இன்னொரு சாதுவான கட்டியில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு வருகிறது. அழுத்தம்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? கட்டியின் பருமனையும் இடத்தையும் தாண்டி, அதன் செல்களுக்குள் எழுதப்பட்டிருக்கும் ஏதோ ஒன்று வலிப்பைத் தீர்மானிக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தேடுவது அதைத்தான். அப்படிக் கிடைக்கும் மரபணு மாற்றங்கள், புரதங்கள், வேதிப்பொருள்கள் ஆகியவற்றையே உயிரியல் குறியீடுகள் என்கிறோம்.

முதலில் அந்தச் சாதுவான கட்டிகளைப் பார்ப்போம். சாது என்று சொல்வது புற்றுநோய் மருத்துவரின் பார்வையில். அந்தக் கட்டியோடு வளரும் குழந்தைக்கு அது சாது அல்ல. பெரும்பாலும் பொட்டெலும்புக்கு உள்ளே இருக்கும் மூளை மடலில் அது உட்கார்ந்திருக்கும். குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திச் சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், உதட்டைச் சப்பும், இல்லாத வாடை வருகிறது என்று சொல்லும், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்று தாயைக் கட்டிக்கொள்ளும். கை கால் இழுக்காததால் இதை வலிப்பு என்றே பலர் நினைப்பதில்லை. பள்ளியில் கவனமில்லாத பிள்ளை என்ற பெயர் கிடைக்கும். மருந்துக்கு மேல் மருந்து மாற்றியும் அடங்காமல், எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும்போது சிலருக்கு ஆண்டுகள் பல கடந்திருக்கும்.

பாரிஸின் கேத்தரின் டோமா-டியூபோர் 1988இல் இப்படிப்பட்ட 39 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, டிஎன்டி என்பது தனி வகை என்று நிறுவினார். மருந்துக்கு அடங்காத வலிப்போடு வரும் இளைஞர்களின் கட்டி இது, அறுத்து எடுத்தால் குணமாகும் என்று அவர் அழுத்திச் சொன்னார். அதுவரை இவர்களில் சிலருக்குப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுக்கப்பட்டிருந்தன. தேவையே இல்லாத கதிர்வீச்சு, வளரும் மூளைக்கு! ஒரு கட்டிக்குச் சரியான பெயர் வைப்பது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டிகள் அரிதானவையும் அல்ல. 12 ஐரோப்பிய நாடுகளில் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட 9,523 பேரின் திசுக்களை இங்மார் புளூம்கே தலைமையிலான குழு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கி வடுவாவது முதலிடத்தில் இருந்தது, 36.4 சதவீதம். இரண்டாமிடம் கட்டிகளுக்கு, 23.6 சதவீதம். அதாவது வலிப்புக்காகக் கத்திக்குக் கீழே போகும் நான்கு பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்குக் காரணம் ஒரு கட்டி.

நுண்ணோக்கியில் இந்தக் கட்டிகளைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்து ஒரு நோயியல் மருத்துவர் கேங்லியோகிளியோமா என்பார். இன்னொருவர் டிஎன்டி என்பார். இங்கேதான் குறியீடுகள் முதலில் கைகொடுத்தன. சிடி34 என்ற புரதம் ரத்தத்தின் மூலச் செல்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருப்பது. முதிர்ந்த மூளையின் நரம்புச் செல்களில் அது இருக்கக் கூடாது. ஆனால் கேங்லியோகிளியோமாக்களில் பெரும்பாலானவற்றில், கட்டியிலும் அதைச் சுற்றிய மூளைப் புறணியிலும்கூட, சிடி34 சாயம் பிடித்துச் செடிபோலக் கிளைத்துத் தெரிகிறது. கருவில் மூளை உருவாகும்போதே ஏதோ பிசகிவிட்டது என்பதன் தடயமாக இதை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிறகு மரபணுக்கள் வந்தன. கேங்லியோகிளியோமாக்களில் கணிசமானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ எனப்படும் மாற்றம் இருக்கிறது. அந்த மரபணு செய்யும் புரதத்தில் 600ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம். செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞை அதன் பிறகு நிற்பதே இல்லை. தோல் புற்றுநோயான மெலனோமாவில் பிரபலமான அதே மாற்றம் இது. டிஎன்டி கட்டிகளில் எஃப்ஜிஎஃப்ஆர்1 என்ற ஏற்பி மரபணு கெட்டிருக்கிறது என்பது 2016இல் தெளிவானது. ரத்தக்குழாய்களைச் சுற்றி அடுக்கிக்கொள்ளும் ஆஞ்சியோசென்ட்ரிக் கிளியோமா என்ற அரிய கட்டியில், மைப் என்ற மரபணுவும் கியூகேஐ என்ற மரபணுவும் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2017இல் விவரிக்கப்பட்ட பிளிண்டி என்ற கட்டியில் பிராஃப் மாற்றமோ எஃப்ஜிஎஃப்ஆர் குடும்பத்தின் இணைப்போ இருக்கிறது. கூடவே சிடி34 அடர்த்தியாகச் சாயம் பிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக்கட்டி வகைப்பாடு 2016இல் மூலக்கூறு அடையாளங்களை ஏற்கத் தொடங்கி, 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றில் பலவற்றுக்கு முறையான இடம் கொடுத்துவிட்டது.

பெயர்கள் பல. ஆனால் பிராஃப், எஃப்ஜிஎஃப்ஆர் என இவற்றில் பெரும்பாலானவை செல்லுக்குள் ஒரே சமிக்ஞைப் பாதையில், மேப்-கைனேஸ் பாதையில், போய்ச் சேர்கின்றன. வளர்ச்சிக்கான இந்தப் பாதை கெட்டால் கட்டி வளரும் என்பது புரிகிறது. வலிப்பு ஏன் வர வேண்டும்?

இதற்கு ஒரு அருமையான விடை தென் கொரியாவிலிருந்து வந்தது. கைஸ்ட் நிறுவனத்தின் ஜியோங் ஹோ லீ குழு 2018இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கருவிலிருக்கும் எலியின் மூளையில், நரம்புச் செல்களுக்கும் அவற்றுக்குத் துணை நிற்கும் கிளியா செல்களுக்கும் பொதுவான மூதாதைச் செல்களில் வி600இ மாற்றத்தை அவர்கள் புகுத்தினார்கள். எலிகள் பிறந்து வளர்ந்தன. மனிதர்களின் கேங்லியோகிளியோமாவை ஒத்த கட்டி வந்தது, வலிப்பும் வந்தது. அடுத்து அவர்கள் கேட்ட கேள்விதான் முக்கியமானது: கட்டியையும் வலிப்பையும் உண்டாக்குபவை ஒரே செல்களா?

இல்லை. மாற்றத்தைச் சுமந்த மூதாதைச் செல்லிலிருந்து கிளியாவாகப் பிரிந்த வாரிசுகள் பெருகிக் கட்டியாயின. நரம்புச் செல்லாகப் பிரிந்த வாரிசுகள் பெருகவில்லை. அவை மிகை மின்தூண்டல் கொண்டவையாகி வலிப்பை எழுப்பின. அந்த நரம்புச் செல்களில் ரெஸ்ட் என்ற புரதம் கூடியிருந்தது. அது நரம்புச் செல்லின் அயனி வாயில்களுக்கான பல மரபணுக்களை அடக்கி ஆளும் புரதம். அதைக் குறைத்தபோது வலிப்பும் குறைந்தது. மெலனோமாவுக்குக் கொடுக்கப்படும் வெமுராஃபெனிப் என்ற பிராஃப் தடுப்பானைக் கொடுத்தபோதும் எலிகளின் வலிப்பு குறைந்தது.

இந்த முடிவின் கனத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். கட்டி வளர்ந்து, அதன் விளைவாக வலிப்பு வருகிறது என்ற பழைய வரிசை இங்கே உடைகிறது. கருப்பையில் ஒரு செல்லில் நேர்ந்த ஒரே பிழையிலிருந்து கட்டியும் வலிப்பும் தனித்தனியாகப் பிறக்கின்றன. கேங்லியோகிளியோமா நோயாளிகளின் திசுவில் வி600இ புரதத்தைக் காட்டும் சாயத்தை இட்டால், பெரிய நரம்புச் செல்களும் அந்தச் சாயத்தைப் பிடிக்கின்றன என்பது இதற்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த நரம்புச் செல்கள் கட்டியில் சிக்கிக்கொண்ட அப்பாவிகள் அல்ல, நோயின் பங்காளிகள் என்று கொரிய ஆய்வு காட்டியது.

பெரியவர்களிடம் கதை வேறு. இருபது வயது முதல் ஐம்பது வயதுக்குள் வரும், மெதுவாகப் பரவும் கிளியோமாக்களில், அதாவது கிளியா செல் வகைக் கட்டிகளில், முதல் அறிகுறியே பெரும்பாலும் வலிப்புதான். இவற்றில் ஆதிக்கம் செலுத்தும் குறியீடு ஐடிஹெச்1 மரபணுவின் மாற்றம். 2008இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 22 கிளியோபிளாஸ்டோமாக்களின் மரபணுக்களை முழுவதுமாக வாசித்தபோது எதிர்பாராமல் கிடைத்தது இது. சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் வேலையில் ஈடுபடும் ஒரு சாதாரண நொதிக்கும் மூளைக்கட்டிக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. அடுத்த ஆண்டே விடை வந்தது. மாறிய நொதி தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, டி-2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளைத் தயாரிக்கிறது. ஆரோக்கியமான திசுவில் அற்பமாக இருக்கும் இந்தப் பொருள் கட்டிக்குள் பல மடங்கு குவிகிறது.

இந்தப் பொருளின் வடிவம் குளூட்டமேட்டை மிகவும் ஒத்தது. மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் தூண்டப் பயன்படுத்தும் முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். ஆகவே இந்தப் போலி, கள்ளச்சாவிபோல குளூட்டமேட்டின் ஏற்பிகளைத் திறந்துவிடக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் அதைச் சோதித்தார்கள். வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்புச் செல்களின் மீது இந்தப் பொருளை இட்டபோது அவற்றின் மின்துடிப்பு அதிகரித்தது. என்எம்டிஏ வகை குளூட்டமேட் ஏற்பியை மருந்தால் அடைத்தபோது அந்தத் துடிப்பு அடங்கியது. நோயாளிகளின் பதிவேடுகளும் அதையே பேசின. ஐடிஹெச்1 மாற்றம் உள்ள கிளியோமா நோயாளிகளில் 59 முதல் 74 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன் வலிப்பு வந்திருந்தது; மாற்றம் இல்லாதவர்களில் 18 முதல் 34 சதவீதம் பேருக்கு மட்டுமே.

எனக்கு இன்னும் வலுவாகத் தோன்றும் சான்று ஒன்று கட்டிக்கு வெளியே இருக்கிறது. டி-2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் உடலில் சேரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையில் கட்டி இல்லை. ஆனால் அவர்களில் பலருக்கு வலிப்பு வருகிறது. கட்டியின் அழுத்தம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்தப் பொருள் மட்டும் இருக்கிறது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்தப் பொருள் நரம்புச் செல்களில் எம்டார் என்ற சமிக்ஞைப் பாதையையும் முடுக்குகிறது என்று காட்டின. ஏற்பியைத் திறப்பது, எம்டாரை முடுக்குவது ஆகிய இரண்டில் எது பெரியது என்ற வாதம் தொடர்கிறது.

ஐடிஹெச் குறியீட்டுக்கு நடைமுறைச் சிறப்பு ஒன்று இருக்கிறது. அந்தப் பொருளின் அளவை, மண்டையைத் திறக்காமலே, எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி முறையில் காண முடியும் என்று 2012இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதை அடக்க மாத்திரையும் வந்துவிட்டது. வோராசிடெனிப் என்ற மருந்தை 331 நோயாளிகளிடம் சோதித்த இண்டிகோ ஆய்வு 2023இல் வெளியானது. நோய் முற்றாமல் இருந்த காலம் மருந்து பெற்றவர்களிடம் 27.7 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் 11.1 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மருந்து பெற்றவர்களுக்கு வலிப்பு குறைந்ததாகவும் பின்னர் வந்த பகுப்பாய்வுகள் சொல்கின்றன. வலிப்பு மருந்தே அல்லாத ஒன்று, வலிப்பின் மூலப்பொருளை வற்றவைத்து வலிப்பைக் குறைக்கிறது என்பது உறுதியானால், அது ஒரு புதிய வகைச் சிகிச்சையின் தொடக்கம்.

ஐடிஹெச் மாற்றம் இல்லாத கட்டிகளில் பல உண்மையான குளூட்டமேட்டையே கொட்டுகின்றன. கிளியோமா செல்கள் சிஸ்டின் என்ற பொருளை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கடத்தி வைத்திருக்கின்றன. எஸ்எல்சி7ஏ11 என்பது அதன் மரபணு. ஒரு சிஸ்டினை உள்ளே எடுக்க ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ள வேண்டும். கட்டிக்கு அது தற்காப்பு. பக்கத்து நரம்புச் செல்லுக்கு அது நஞ்சு. ஹரால்ட் சோன்டைமர் குழு 2011இல் எலிகளில் இதைக் காட்டியது. 2015இல் அதே குழு, மனிதக் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்தக் கடத்தி மிகுந்திருப்பதையும் அப்படிப்பட்டவர்களுக்கே வலிப்பு அதிகம் என்பதையும் எடுத்துக்காட்டியது. மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் சல்ஃபசலசின் மாத்திரை இந்தக் கடத்தியை அடைக்கும். எலிகளில் அது மூளையின் வலிப்பு அலைகளைக் குறைத்தது. முற்றிய கிளியோமா நோயாளிகளிடம் அதைப் புற்றுநோய் மருந்தாகச் சோதித்த முயற்சி பாதியில் நிறுத்தப்பட்டது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழி நீளம்.

கட்டியைச் சுற்றிய புறணியில் வேறொரு விபரீதமும் நடக்கிறது. மூளையில் அடக்கும் வேலையைச் செய்வது காபா என்ற பொருள். நரம்புச் செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருந்தால்தான் காபா அடக்கும். குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 புரதம் கட்டியைச் சுற்றிக் குறைந்துபோகிறது. உள்ளே சேர்க்கும் என்கேசிசி1 கூடுகிறது. அப்போது காபாவே தூண்டத் தொடங்குகிறது. பாரிஸ் ஆய்வாளர்கள் 2014இல், அறுவையில் எடுக்கப்பட்ட மனிதத் திசுவிலேயே இதைப் பதிவுசெய்தார்கள். காபாவின் வேலையைக் கூட்டுவதன் மூலம் செயல்படும் வலிப்பு மருந்துகள் சில கட்டி நோயாளிகளிடம் ஏன் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

2019 செப்டம்பரில் நேச்சர் இதழில் ஒன்றாக வெளியான இரு ஆய்வுகளை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்யேயின் ஆய்வகத்தில் ஹம்சா வெங்கடேஷ் செய்தது. மற்றொன்று, ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வருண் வெங்கடரமணி உள்ளிட்டோர் செய்தது. நரம்புச் செல்கள் கிளியோமா செல்களோடு நேரடியாகச் சினாப்ஸ் இணைப்புகளை ஏற்படுத்துகின்றன என்பதை இரு குழுக்களும் தனித்தனியே கண்டன. அந்த இணைப்பில் ஆம்பா வகைக் குளூட்டமேட் ஏற்பி இருக்கிறது. நரம்புச் செல் துடித்தால் கட்டியின் செல்லும் துடிக்கிறது. துடிப்பு அதை வளர்க்கிறது. கட்டி வலிப்பைத் தூண்ட, வலிப்பு கட்டிக்கு உணவாகும் வட்டம் இது. ஆம்பா ஏற்பியை அடைக்கும் பெராம்பனல் என்ற வலிப்பு மருந்து எலிகளில் கட்டியின் வளர்ச்சியையும் தணித்தது. நோயாளிகளிடம் இது நிரூபணமாகும்வரை, வலிப்பு மருந்தால் கட்டி கரையும் என்று எவரும் நம்பிக்கை ஊட்டக் கூடாது. வலிப்பே வராத கட்டி நோயாளிக்கு முன்னெச்சரிக்கையாக நீண்ட காலம் வலிப்பு மருந்து கொடுப்பதை நரம்பியல், புற்றுநோய் அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் இன்றும் பரிந்துரைப்பதில்லை.

குறியீட்டிலிருந்து மருந்துக்கு வந்து, மனிதர்களிடம் வலிப்பு குறைந்ததை முறையான சோதனையில் நிரூபித்த வழி என்று கேட்டால், டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற பரம்பரை நோயைத்தான் காட்ட வேண்டும். 1880இல் பாரிஸில் பூர்ன்வில் என்ற மருத்துவர் விவரித்த நோய். டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 மரபணு கெடுவதால் எம்டார் பாதைக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. மூளையின் நீரறைகளுக்குப் பக்கத்தில் சேகா என்ற கட்டி வளர்கிறது. புறணியில் முடிச்சுகள் உண்டாகின்றன. வலிப்புக்குப் பெரிதும் காரணம் அந்த முடிச்சுகள். ஒரே மரபணுப் பிழையிலிருந்து வளரும் கட்டி ஓரிடத்திலும் வலிப்பு இன்னோரிடத்திலும் பிறப்பதை இங்கேயும் காண்கிறோம். எம்டாரை அடக்கும் எவரோலிமஸ், சேகா கட்டியைச் சுருக்கும் மருந்தாக 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 366 நோயாளிகளிடம் வலிப்புக்காகவே செய்யப்பட்ட எக்சிஸ்ட்-3 சோதனையின் முடிவு 2016இல் வந்தது. வலிப்பின் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 15.1 சதவீதம், குறைந்த அளவு மருந்தில் 28.2, கூடிய அளவில் 40 சதவீதம்.

ஆனாலும் குறியீடுகளைப் பற்றிய உற்சாகத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை கட்டியின் பெயரை உறுதிசெய்யவும் அது எப்படி வளரும் என்று கணிக்கவும் தேடப்பட்டவை. இந்த நோயாளிக்கு அறுவைக்குப் பின் வலிப்பு நிற்குமா, எந்த வலிப்பு மருந்து இவருக்குக் கேட்கும் என்று நம்பிச் சொல்லக்கூடிய குறியீடு இன்னும் கையில் இல்லை. பிராஃப் மாற்றம் இருந்தால் அறுவைக்குப் பின் வலிப்பு தொடருமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பல மருத்துவமனைகளில் பத்து இருபது பேரை வைத்துச் செய்யும் ஆய்வுகளால் இந்தக் கேள்வி தீராது. ஒரே மரபணுவில்கூடப் பிழையின் இடம் முக்கியம் என்று பேய்லர் கல்லூரியின் 2020ஆம் ஆண்டு எலி ஆய்வு எச்சரிக்கிறது: பிக்3சிஏ மரபணுவின் வெவ்வேறு மாற்றங்கள் கட்டியை உண்டாக்கின, ஆனால் அவற்றில் சில மட்டுமே மூளையை மிகைத் துடிப்புக்குத் தள்ளின. எந்த மரபணு என்று மட்டும் எழுதி அறிக்கையை முடித்துவிட்டால் போதாது.

இதனாலேயே, பிராஃப் மாற்றம் கொண்ட கேங்லியோகிளியோமா உள்ள குழந்தைக்குப் பிராஃப் தடுப்பான் மாத்திரையை வலிப்புக்காக முதலில் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் கூடாது என்பதே. அத்தகைய மருந்துகளுக்குக் காய்ச்சல், தோல் பாதிப்பு என விலை உண்டு. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரக்கூடும். அறுவையின் பலனோ தெளிவானது. 39 ஆய்வுகளில் 910 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு மீள்பார்வையில், இவ்வகைக் கட்டிகளை எடுத்த பிறகு 80 சதவீதம் பேர் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். கட்டியை முழுமையாக எடுத்தவர்களுக்கும், வலிப்பு தொடங்கி ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பலன் இன்னும் கூடுதல். பேச்சு, இயக்கப் பகுதிகளில் அமர்ந்து அறுக்க முடியாமல் போன கட்டிகளுக்கு, அறுத்தும் மீண்டு வந்தவற்றுக்கு, மருந்து வரட்டும். அதற்கு அந்தக் கட்டியின் குறியீடு தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு முன்கேள்வி இருக்கிறது: ஸ்கேனில் தெரிவது கட்டிதானா? இந்தியாவில் வலிப்போடு வருபவர்களின் சிடி ஸ்கேனில் வளையம்போல் மிளிரும் ஒற்றைப் புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த காலம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் இறந்து உண்டாக்கிய அழற்சி முடிச்சுகள், பல தானாகவே மறைந்துவிடும் என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டவர்கள் திசு ஆதாரத்தோடு நிறுவினார்கள். கட்டி என்று பெயர் சூட்டும் முன் இந்த வேறுபாட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாக் குறியீட்டுச் சோதனையும் விலை உயர்ந்தது என்ற எண்ணமும் சரியல்ல. முழு மரபணு வாசிப்பு செலவானதுதான். ஆனால் பிராஃப் வி600இ, ஐடிஹெச்1இன் மிகப் பரவலான மாற்றம், சிடி34 ஆகிய மூன்றையும் கண்ணாடித் தகட்டில் சாயமிட்டுப் பார்க்க முடியும். நோயியல் ஆய்வகங்கள் பழகிய முறை அது. ஐடிஹெச் மாற்றங்களில் பத்தில் ஒன்பது அந்த ஐடிஹெச்1 சாயம் ஒன்றிலேயே சிக்கிவிடும்.

பெற்றோருக்கும் நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டியது இது. சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளை, உரிய அளவில், தவறாமல் எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது மருந்துக்காகக் காத்திருக்காமல் வலிப்பு அறுவை வசதியுள்ள மையத்துக்குப் போங்கள்; வலிப்புக்கென்றே வகுத்த முறையில் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். அறுவை நடந்தால், எடுத்த திசுவைப் பதித்துவைத்திருக்கும் பாரஃபின் கட்டையை மருத்துவமனை எத்தனை ஆண்டு பாதுகாக்கும் என்று கேளுங்கள். அறிக்கையின் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று அதில் சோதிக்க முடியாத ஒன்றை ஐந்தாண்டு கழித்துச் சோதிக்க முடியும். கட்டி திரும்பி வந்தால் எந்த மருந்து என்று தீர்மானிக்க மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் திசுவைத்தான்.